கொழுத்த நாளும் மெலிந்த நாளும்

திருநீற்றுப் புதனுக்கு இரண்டு நாள் முன்பாகச் சுரக்குடியில் ஒரு குடும்பத்தைச் சந்திக்கச் சென்றிருந்தோம். சம்பா அறுவடை முடிந்து, களத்துமேடுகளில் வைக்கோற்போர் எழுந்திருந்த காலம். அவ்வீட்டுப் பெரியவர் ஓய்வுபெற்ற ஆசிரியர். அவருடைய தமையனார் சர்க்கரை நோயால் ஒரு காலை முழங்காலுக்குக் கீழே இழந்து, அடுத்த ஆண்டே இறைவனடி சேர்ந்தவர். அவரை மண்ணுக்குக் கொடுத்த செபத்தைச் சொன்னவர் நாமே. இப்போது அதே நோய் தம்பியின் வாசலிலும் வந்து நிற்கிறது. பத்துக் கிலோ எடை குறைய வேண்டும் என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாராம்.

"சாமி, ஓர் ஐயம். இது பாவசங்கீர்த்தனத்தில் சேர்ந்ததா, சேராததா என்றே எனக்குத் தெரியவில்லை" என்று தொடங்கினார் ஆசிரியர். திங்கள் முதல் சனி வரை கேழ்வரகுக் கூழும் கீரையும் காய்கறியுமாகக் காலம் தள்ளுகிறார். ஞாயிறு பூசை முடிந்ததும் கட்டு அவிழ்கிறது. சென்னையில் வேலை பார்க்கும் பேரன் அதற்கு ஒரு பெயரும் சொல்லிக் கொடுத்திருக்கிறான்: 'சீட் டே'. ஆசிரியர் தமிழாசிரியர் அல்லவா? ஏமாற்று நாள் என்று பெயர்த்துப் பார்த்திருக்கிறார். பெயர்த்த பிறகு உறுத்தத் தொடங்கிவிட்டது. "யாரைச் சாமி ஏமாற்றுகிறேன்? மருத்துவரையா, ஆண்டவரையா, என்னையா?"

அடுப்படியிலிருந்து அவர் துணைவியாரின் குரல் வந்தது. "ஆறு நாள் வாயைக் கட்டுகிறார் சாமி. ஏழாம் நாள் கட்டறுத்த காளை மாதிரிதான். பிறகு எப்படி இளைப்பார்?"

விடையை உடனே சொல்ல நமக்கு இயலவில்லை. நோன்பு நாட்களுக்கு நடுவே நோன்பு தளரும் நாள் ஒன்று இருக்கலாமா என்ற கேள்வி, நம் திருச்சபை ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கு மேலாகக் கேட்டுக் கேட்டுப் பலவிதமாக விடை சொல்லிய கேள்வி. அந்த வரலாற்றைச் சற்றுப் புரட்டிப் பார்த்துவிட்டு வருகிறோம் என்று காப்பியைக் குடித்துவிட்டு எழுந்தோம்.

தவக்காலம் நாற்பது நாள் என்கிறோம். நாட்காட்டியை எடுத்துத் திருநீற்றுப் புதன் முதல் புனித சனி வரை எண்ணிப் பார்ப்பவர் 46 என்று காண்பார். அந்த ஆறு நாட்கள் ஞாயிற்றுக்கிழமைகள். அவை நோன்புக் கணக்கில் சேர்வதில்லை. ஆறாம் நூற்றாண்டின் இறுதியில் திருத்தந்தையாயிருந்த புனித பெரிய கிரகோரியார் இக்கணக்கைத் தம் மறையுரை ஒன்றில் விளக்குகிறார். ஆறு வாரத்தின் 42 நாட்களில் ஞாயிறு ஆறையும் கழித்தால் 36 எஞ்சும். அது ஓராண்டின் பத்தில் ஒரு பங்கு. விளைச்சலில் தசமபாகம் கொடுப்பதுபோல் ஆண்டில் தசமபாகத்தை ஆண்டவருக்குக் கொடுக்கிறோம் என்பது அவர் கருத்து. நாற்பது என்ற எண் நிறைவு பெறுவதற்காகப் புதன் முதல் சனி வரையுள்ள நான்கு நாட்கள் பிற்காலத்தில் முன்னே சேர்க்கப்பட்டன. நம் நெற்றியில் திருநீறு புதனன்று ஏறுவதற்குக் காரணம் இந்தக் கழித்தல் கணக்குத்தான்.

ஞாயிறன்று நோன்பு வேண்டாம் என்பது வெறும் சலுகையும் அன்று. மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே தெர்த்துல்லியன், ஆண்டவருடைய நாளில் நோன்பிருப்பது தகாது என்ற வழக்கத்தைக் குறிப்பிடுகிறார். அவர் ஒன்றும் இளகிய மனிதர் அல்லர். நோன்பு போதவில்லை என்று சபையோடு மல்லுக்கு நின்றவர். நான்காம் நூற்றாண்டில் சின்ன ஆசியாவின் கங்ரா நகரில் கூடிய சங்கம் இன்னும் ஒருபடி மேலே சென்றது. தவத்தின் பெயரால் ஞாயிறன்று நோன்பிருந்தோரையும், ஊன் உண்பவரை இழிவாகக் கருதியோரையும் கண்டித்துச் சட்டம் இயற்றியது. உண்ணாதவனைக் கண்டிக்கும் சங்கம்! எடை குறைக்கும் நூல்களை எழுதுவோர் இதைப் படித்தால் என்ன நினைப்பார்களோ.

காரைக்கால் மண்ணில் வாழும் நமக்கு இது புதிதாய்த் தோன்ற வேண்டியதில்லை. ரமலான் மாதம் முழுவதும் பகலில் ஒரு சொட்டு நீரும் அருந்தாத நம் இசுலாமிய அயலார்க்கு, பெருநாளன்று நோன்பிருப்பது தடுக்கப்பட்டது. ஏகாதசியன்று உபவாசம் இருக்கும் இந்து அன்பர்கள் மறுநாள் துவாதசியில் பாரணை செய்தாக வேண்டும். அதிலும் ஒரு நுட்பம் உண்டு. பாரணை இலையில் விழுவது அகத்திக்கீரை, நெல்லிக்காய், சுண்டைக்காய். பட்டினி கிடந்த வயிற்றுக்கு எதை எவ்வளவு கொடுப்பது என்பதையும் அந்த மரபு நோன்பின் பகுதியாகவே வைத்திருக்கிறது. ஆசிரியரின் ஞாயிற்றுக்கிழமைக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு இங்கேயே தெரியத் தொடங்குகிறது.

ஊருக்கு ஊர் வழக்கம் மாறிய கதையும் உண்டு. புனித அகுஸ்தினாரின் தாய் மோனிக்கா ஆப்பிரிக்காவிலிருந்து மிலான் நகர் வந்தபோது, அங்கே சனிக்கிழமை நோன்பு இல்லை என்று கண்டு கலங்கினார். மகன் ஆயர் அம்புரோசியாரிடம் சென்று கேட்டார். தாம் உரோமையில் இருக்கும்போது சனியன்று நோன்பிருப்பதாகவும், மிலானில் இருக்கும்போது இருப்பதில்லை என்றும், எந்தச் சபைக்குச் சென்றாலும் அதன் வழக்கத்தைக் கைக்கொள்ளுமாறும் அம்புரோசியார் சொல்லியனுப்பினார். மோனிக்கா அமைதியடைந்தார்.

ஆனால் இந்தக் கேள்வியை ஆழமாகப் பார்த்தவர்கள் எகிப்தின் பாலைநிலத் துறவிகளே. அவர்களிடையே பல ஆண்டுகள் வாழ்ந்து, பின் தென் பிரான்சின் மர்செய் நகரில் மடம் அமைத்த காசியான், இரண்டு நிகழ்ச்சிகளைப் பதிவு செய்கிறார். முதல் நிகழ்ச்சியில், விருந்தினர் வந்ததும் ஒரு முதிய துறவி தயங்காமல் நோன்பை விட்டு அவர்களோடு உண்கிறார். வியந்து கேட்டவர்களிடம் அவர் சொன்னதன் கருத்து இதுவே: நோன்பு என்றும் தம்மோடு இருப்பது, நாளையும் அதைத் தொடரலாம், விருந்தினரோ புறப்பட்டுவிடுவர், அவரில் வருபவர் கிறிஸ்து. மணமகன் உடனிருக்கும்போது தோழர்கள் நோன்பிருப்பதில்லை என்ற நற்செய்தியை அவர் தம் குடிசையிலேயே வாழ்ந்து காட்டினார்.

இரண்டாவது நிகழ்ச்சி துயரமானது. ஏரோன் என்னும் துறவி ஐம்பது ஆண்டுகள் கடும் நோன்பில் வாழ்ந்தவர். உயிர்ப்புப் பெருவிழாவன்று சகோதரர் எல்லாரும் கூடி உண்ணும்போதும் அவர் வருவதில்லை. சிறிது பருப்பு உண்டாலும் தம் உறுதி தளர்ந்ததாகக் கருதப்படுமே என்ற அச்சம். விழாவுக்கும் வளையாத அந்த மனிதர், இறுதியில் வானதூதர் வேடத்தில் வந்த சாத்தானை நம்பி, தமக்கு ஒன்றும் நேராது என்று ஆழ்கிணற்றில் குதித்தார். தூக்கியெடுக்கப்பட்டும் மூன்றாம் நாள் இறந்தார். மிகையான நோன்பும் மிகையான உணவும் ஒரே இடத்தில்தான் கொண்டுபோய்ச் சேர்க்கும் என்பது காசியான் கேட்ட பெரியோரின் தீர்ப்பு. நம் வனத்து அந்தோணியாரைப் பற்றிய கதையும் இதையே சொல்லும். துறவிகள் சிரித்துப் பேசுவதைக் கண்டு முகம் சுளித்த வேடனிடம், வில்லை வளை, இன்னும் வளை, மேலும் வளை என்றார் அவர். ஒடிந்துவிடும் என்றான் வேடன். சகோதரரும் அப்படித்தான் என்றாராம் புனிதர்.

இதுவரை சொன்னதைக் கேட்டால் ஆசிரியர் மகிழ்ந்து கோழி வாங்கப் புறப்பட்டுவிடுவார். பொறுக்கட்டும். வரலாற்றில் மறுபாதியும் இருக்கிறது.

1739-இல் காரைக்காலைப் பெற்று, இடையிடையே ஆங்கிலேயர் கைப்பற்றிய ஆண்டுகள் நீங்கலாக, 1954 நவம்பர் முதல் நாள் வரை இங்கே ஆண்ட பிரெஞ்சுக்காரர்களின் மொழியில் நாட்களுக்கு இரண்டு பெயர்கள் உண்டு. ஊன் உண்ணும் நாள் 'ஜூர் கிரா', அதாவது கொழுத்த நாள். சுத்தபோசன நாள் 'ஜூர் மேக்ர்', மெலிந்த நாள். திருநீற்றுப் புதனுக்கு முந்திய நாளுக்கு 'மர்தி கிரா', கொழுத்த செவ்வாய் என்று பெயர். நாளை முதல் கிடைக்காது என்பதற்காக இன்றே தீர்த்துவிடும் நாள் அது. தவக்காலத்தின் நடுவில் 'மி கரேம்' என்று ஒரு வியாழன்; அன்றும் கொண்டாட்டம். ஓவியர் புருகல் 1559-இல் தீட்டிய படம் ஒன்றில், பீப்பாயின் மேல் அமர்ந்த தொப்பைக்காரர் ஒருவரும், மெலிந்து வாடிய உருவம் ஒன்றும் நகரச் சதுக்கத்தில் போருக்கு எதிரெதிரே வருகிறார்கள். முன்னவர் கொழுத்த செவ்வாய், பின்னவர் தவக்காலம். கொழுத்தவர் ஏந்தியிருப்பது வறுத்த இறைச்சி கோத்த கம்பி. மெலிந்தவர் நீட்டுவது இரண்டு மீன்கள் கிடக்கும் துடுப்பு. நம் ஆசிரியரின் வயிற்றுக்குள் வாரந்தோறும் நடக்கும் சண்டையும் ஏறக்குறைய அதுதான்.

ஆயினும் நோன்பைத் தேய்த்து அழித்தது கொழுத்த செவ்வாயும் அன்று, ஞாயிறும் அன்று. வேலை நாட்களின் சின்னச் சின்னத் தளர்வுகளே அதைக் கரையான்போல அரித்தன. பழங்காலத்தில் தவக்காலத்து ஒருவேளை உணவு மாலைச் செபத்துக்குப் பின்னரே. பிறகு அது பிற்பகல் மூன்று மணிக்கு, அதாவது ஒன்பதாம் மணி வேளைக்கு நகர்ந்தது. பசி பொறுக்காதவர்கள் அந்த ஒன்பதாம் மணிச் செபத்தையே முன்னதாகச் சொல்லி முடித்து நண்பகலில் உண்டார்கள். இலத்தீனில் ஒன்பதாம் மணிக்கு 'நோனா' என்று பெயர். ஆங்கிலத்தில் நண்பகலைக் குறிக்கும் 'நூன்' அதிலிருந்தே வந்தது. மணியை மாற்ற முடியாதவர்கள் மணியின் பெயரை மாற்றிக்கொண்டார்கள்! நண்பகலில் உண்டால் இரவில் பசிக்குமே? மடங்களில் மாலையில் காசியானின் 'கொலாத்சியோனெஸ்' என்ற நூலைக் கூடியிருந்து வாசிக்கும்போது சிறிது பானமும், பின்னர் ஒரு துண்டு ரொட்டியும் வந்து சேர்ந்தன. நூலின் பெயரே சிற்றுண்டியின் பெயராயிற்று. பெருந்தீனியை எச்சரித்த நூல் அது என்பதை எண்ணிச் சிரிப்பதா அழுவதா?

பானங்களின் கதை இன்னும் சுவையானது. தாகம் தீர்க்கும் நீர்மம் நோன்பை முறிக்காது என்பது பழைய கோட்பாடு. மெக்சிக்கோவிலிருந்து சாக்கலேட் வந்ததும் அது பானமா உணவா என்று இறையியலார் பிளவுபட்டனர். 1664-இல் கர்தினால் பிரன்காச்சோ ஒரு நூலே எழுதி, அது பானமே என்று முடிவு சொன்னார். நாம் அக்காலத்தில் இருந்திருந்தால், பால் பாயசமும் நீர்மம்தானே என்று கேட்டிருப்போம். பிரான்சின் ரூவான் பேராலயத்தில் 1485-க்குப் பின் எழுந்த ஒரு கோபுரத்துக்கு இன்றுவரை வெண்ணெய்க் கோபுரம் என்று பெயர். தவக்காலத்தில் வெண்ணெய் உண்ண அனுமதி பெற்ற மக்கள் செலுத்திய காணிக்கை அதன் கட்டுமானத்துக்குச் சென்றது. கோபுரம் அழகானது, அதைக் கட்டிய முறையை லூத்தரின் காலத்தார் பழித்ததில் வியப்பில்லை.

கடற்கரையில் வாழும் நாமும் குற்றமற்றவர் அல்லோம். வெள்ளிக்கிழமை இறைச்சியை விலக்கிவிட்டு, அதைவிட விலையுயர்ந்த வஞ்சிரத்தை வறுத்து உண்டு சுத்தபோசனம் முடித்தோம் என்று எழுந்தவர்களை நாம் அறிவோம். அவ்வீடுகளில் நமக்கும் இலை போடப்பட்டதுண்டு.

இந்தச் சறுக்கலையெல்லாம் கண்டு, அளவை ஒருபோதும் மாற்றாதிருப்பதே வழி என்று சொன்னவர்களும் இருந்தனர். மதுரைக்கு 1606-இல் வந்த தத்துவ போதகர் இராபர்ட் தே நொபிலி, ஊனும் மீனும் முட்டையும் நீக்கி, நாளுக்கு ஒருவேளை சோறும் காய்கறியும் பாலுமாக வாழ்ந்தார். வெனிசு நாட்டுப் பிரபு லூயிஜி கொர்னாரோ வேறொரு வகை. இளமையில் அளவற்ற உணவால் உடலைக் கெடுத்துக்கொண்ட அவர், பின் நாளொன்றுக்கு 12 அவுன்சு உணவு, 14 அவுன்சு திராட்சை இரசம் என்று வரையறுத்துக்கொண்டு நலம் பெற்றார். முதுமையில் உறவினரும் மருத்துவரும் வற்புறுத்தவே, இரண்டிலும் இரண்டிரண்டு அவுன்சு கூட்டினார். சில நாட்களுக்குள் மனம் சோர்ந்து, விலாவில் வலி கண்டு, ஒரு மாதத்துக்கு மேல் காய்ச்சலில் கிடந்தார். பழைய அளவுக்குத் திரும்பியதும் பிழைத்தார். 1558-இல் வெளிவந்த தம் நூலில் அவரே சொல்லும் செய்தி இது. லூவேனின் இயேசு சபை இறையியலார் லேசியுஸ் அந்நூலை இலத்தீனில் பெயர்த்து, அளவான உணவு பற்றித் தாமும் எழுதி 1613-இல் வெளியிட்டார். இரண்டு அவுன்சு கூடுதல் உணவு ஒருவரை ஒரு மாதம் படுக்க வைக்கும் என்பதை நாம் முழுதும் நம்பவில்லை. ஆனால் தளர்வு என்ன செய்யும் என்று பயந்த மனத்துக்கு அவர் ஒரு நல்ல சாட்சி.

அறிவியல் என்ன சொல்கிறது? நாம் மருத்துவர் அல்லோம், படித்ததைச் சொல்கிறோம். 1945-இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் ஆன்சல் கீஸ் என்னும் அறிஞர், போரில் ஆயுதம் ஏந்த மனச்சான்று இடந்தராத 36 இளைஞரை 24 வாரம் அரைப்பட்டினியில் வைத்தார். அவர்கள் உடல் செலவைச் சுருக்கிக்கொண்டது. மனமோ இரவும் பகலும் உணவையே நினைத்தது. கட்டு நீங்கியபின் எவ்வளவு உண்டும் பலருக்கு நிறைவே வரவில்லை. உடல் தன்னை வருத்துபவனிடம் பின்னர் வட்டியோடு வசூலிக்கிறது. 1975-இல் ஹெர்மன், மாக் என்ற இரு உளவியலார் வேறொன்றைக் காட்டினர். உணவைக் கட்டுப்படுத்தி வாழும் பெண்களுக்கு முதலில் பாலேடு கலந்த இனிப்புப் பானத்தைக் கொடுத்து, பின் ஐஸ்கிரீமை வேண்டிய மட்டும் உண்ணச் சொன்னார்கள். பானம் குடித்தவர்கள் குடிக்காதவர்களைவிட அதிகமாக உண்டனர். கட்டுத்தான் உடைந்துவிட்டதே, இனி என்ன என்ற மனநிலை. ஏமாற்று நாள் என்ற பெயரின் நஞ்சு இதில்தான் இருக்கிறது. உடைத்தேன் என்று எண்ணிக்கொண்டு உண்பவனுக்கு நிறுத்துமிடம் தெரிவதில்லை.

ஆனால் 2017-இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்று ஓய்வின் பக்கம் பேசியது. உடல் பருத்த 51 ஆண்களில் ஒரு சாரார் 16 வாரம் தொடர்ந்து குறைத்து உண்டனர். மறுசாரார் இரண்டு வாரம் குறைத்து, இரண்டு வாரம் உடல் செலவிடும் அளவுக்குச் சரியாக உண்டு, இப்படி மாறி மாறி அதே 16 வாரக் கட்டுப்பாட்டை முடித்தனர். தொடர்ந்தவர்கள் சராசரி 9 கிலோ குறைந்தனர். ஓய்வு கொண்டவர்கள் 14 கிலோ. உடற்பயிற்சி செய்வோரிடம் 2021-இல் நடந்த இன்னோர் ஆய்வில் அத்தகைய வேறுபாடு தோன்றவில்லை. எனினும் ஓய்வு வாரங்களில் பசி குறைந்தது. எனவே ஓய்வு மந்திரம் அன்று, குற்றமும் அன்று. கவனிக்க வேண்டியது அந்த ஓய்வின் அளவு. அங்கே எவரும் ஞாயிறு வந்ததென்று இரண்டு நாளுணவை ஒரே நாளில் உண்ணவில்லை.

இது ஒரு ஆசிரியரின் கவலை மட்டும் அன்று. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனமும் நாடெங்கும் நடத்திய ஆய்வின் முடிவுகள் 2023-இல் வெளிவந்தன. வளர்ந்தோரில் உடல் பருமன் நாட்டின் சராசரியாக நூற்றுக்கு 28.6, எல்லா மாநிலங்களையும் விட அதிகமாக 53.3 கண்டது நம் புதுச்சேரி ஒன்றியப் பகுதியில். சர்க்கரை நோயில் கோவா 26.4, நாம் 26.3. கோவில் வாசலில் நாம் காணும் முகங்களில் நான்கில் ஒன்றுக்கு இந்நோய் என்றால், தவக்கால மறையுரையில் வயிற்றைப் பற்றிப் பேசுவது இறையியலுக்கு அப்பாற்பட்ட செயல் ஆகாது.

இரண்டு வாரம் கழித்து மீண்டும் சுரக்குடி சென்றோம். ஒரு தாளில் கணக்குப் போட்டுக் காட்டினோம். நாள்தோறும் தேவையில் 500 கலோரி குறைத்தால் ஆறு நாளில் 3000. ஞாயிறன்று காலையில் பூரி, நண்பகல் இரண்டு தட்டுப் பிரியாணி, மாலையில் இனிப்பு, இரவில் பரோட்டா என்றால் தேவைக்கு மேலே அந்த 3000-ஐ எட்டுவது கடினமன்று. ஆறு நாள் தவமும் இரவு பரோட்டாவோடு தீர்ந்தது. ஆசிரியர் தாளை நெடுநேரம் பார்த்தார். "கணக்குச் சரிதான் சாமி. அப்படியானால் ஞாயிறும் கூழ்தானா?"

கங்ரா சங்கம் தடுக்கிறது என்றோம். ஞாயிறு இருக்கட்டும், ஆனால் அது ஒரு வேளை, ஒரு தட்டு, குடும்பத்தோடு, பகலில். அதை நோன்பின் சட்டத்துக்குள்ளேயே எழுதி வைத்துவிட்டால் ஏமாற்றுவதற்கு ஒன்றுமில்லை. திருச்சபைச் சட்டமும் அப்படித்தான் செய்கிறது. 1966-இல் திருத்தந்தை ஆறாம் பவுல் நோன்புச் சட்டத்தைப் புதுப்பித்தார். 1983-இன் சட்டத் தொகுப்பில், வெள்ளியன்று பெருவிழா வந்தால் சுத்தபோசனக் கடமை இல்லை என்று வெளிப்படையாகவே எழுதப்பட்டிருக்கிறது. 2021-இல் புனித சூசையப்பர் பெருவிழா தவக்கால வெள்ளியில் வந்தபோது அப்படித்தான் ஆயிற்று. சூசையப்பர் யாரையும் ஏமாற்றவில்லை. மேலும், ஆசிரியர் 59 வயதைக் கடந்தவர். ஒருசந்திக் கடமை அவருக்கு இல்லை. சர்க்கரைக்கு மாத்திரை உண்பவர் மருத்துவரைக் கேளாமல் பட்டினி கிடப்பது ஆபத்து. ஏரோனின் கிணறு அவர் வீட்டுக் கொல்லையிலும் இருக்கலாம் என்று சொன்னோம்.

"பேரனிடம் என்ன பெயர் சொல்வது?" என்றார்.

"ஞாயிற்றுக்கிழமை என்று சொல்லுங்கள் ஐயா."

உயிர்ப்புப் பெருவிழாவுக்குப் பின் அவ்வழியே போனபோது அவருடைய துணைவியார் வாசலுக்கு வந்து, மூன்று கிலோ குறைந்திருக்கிறார் சாமி என்றார். இரண்டாம் தட்டு கேட்கிற வழக்கம் இன்னும் முழுதும் போகவில்லையாம். சட்டியை அடுத்த வீட்டுக்கு அனுப்பிவிடுகிறாராம். ஆசிரியர் எடை பார்க்கும் கருவி ஒன்றை வாங்கித் திண்ணையில் வைத்திருந்தார். வருகிறவர்களையெல்லாம் அதில் ஏற்றிப் பார்ப்பது அவருக்குப் புதிய பொழுதுபோக்கு. வீடுதோறும் காப்பியும் முறுக்குமாக வரவேற்கப்படும் நம்மையும் ஏறச் சொன்னார். செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினோம். ஆசிரியர் குனிந்து எண்ணைப் பார்த்தார்; பிறகு நிமிர்ந்து நம்மைப் பார்த்தார். மரியாதை கருதி ஒன்றும் சொல்லவில்லை.